குணாளன் வீட்டுக்காரி

புருஷனை விட்டுப் போய்விடுவது என்று சந்திரிகா முடிவெடுத்திருந்த சமயத்தில்தான் அவன் நாக்கில் இருந்த புண் தெரியவந்தது.

அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல அது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சுங்கைப் பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வருஷமே கோலா கெத்திலில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த குணாளனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தோட்டங்களில் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிற வேலை அவனுக்கு. நல்ல உழைப்பாளி. குடி உண்டு, ஆனால் கை நீட்டியதில்லை. ஊரார் கணக்கில் குறை சொல்ல முடியாத மாப்பிள்ளை.

அவனுடைய வாயைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. சோற்றில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் அவளுடைய அம்மாவில் ஆரம்பிப்பான். வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் சிரித்துக்கொண்டே சொல்வான். அவர்களும் தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவள் நிறம், அவள் நடை, அவள் அப்பா குடித்துச் செத்தது, பிள்ளைப்பேறு ஒரு பெண்ணோடு நின்றுபோனது, எதையும் விட்டுவைத்ததில்லை. தொழிற்சாலையில் அவளை ஒரு பிரிவுக்குத் தலைவியாகப் போட்டபோது, "பேக்டரில பெரிய மண்டோரு, வீட்ல ஒரு ரசம் வைக்கத் தெரியல," என்றான். இருபது வருஷத்துக்கும் மேலாக இதைக் கேட்டுக்கேட்டுச் சந்திரிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேலையிடத்தில் கலகலவென்று இருப்பவள், வீடிருக்கும் தாமானுக்குள் பஸ் நுழையும்போதே வாயை மூடிக்கொள்வாள்.

போன தீபாவளிக்கு வந்தவர்கள் முன்னால் அவன் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மகள் சாந்தினி மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுப்படியில் முறுக்கு டின்னை மூடிக்கொண்டிருந்த சந்திரிகாவின் வாயிலிருந்து தானாகவே வந்தது: "இந்த நாக்கு அழுகிப் போக." யார் காதிலும் விழவில்லை.

சாந்தினி பாலிடெக்னிக்கில் படிக்க வெளியூர் போனதும் வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அப்போதுதான் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். தங்குவதற்கு அறை உண்டு. சந்திரிகா சரி என்று சொல்லிவிட்டாள். மகளிடம் மட்டும் போனில் சொன்னாள்.

"போங்கம்மா. நான் எப்பவோ சொன்னேன்லா," என்றாள் சாந்தினி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தாள். ஞாயிறு காலை அவன் குளியலறையிலிருந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு வந்தான். துண்டில் ரத்தம்.

"இது என்னன்னு பாரு."

வாயைத் திறந்தான். நாக்கின் இடது ஓரத்தில் கொண்டைக்கடலை அளவில், சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த ஒரு புண்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு மாசமா இருக்கும். பல்லு குத்துதுன்னு நெனச்சேன்."

தீபாவளியிலிருந்து மாசத்தை எண்ணிப் பார்த்தாள் சந்திரிகா. மேசையைப் பிடித்துக்கொண்டாள். கோத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கிளினிக், பல் டாக்டர், சதையைக் கிள்ளியெடுத்துச் சோதனை என்று அலைந்து, கடைசியில் பினாங்கில் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். புற்றுநோய்ப் பிரிவில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் யோகேஸ்வரி. சந்திரிகாவைவிட நாலைந்து வயது இளையவர். கட்டையான உருவம், ஏறக்குறையத் தோட்டத்துத் தமிழ்.

பாடாங் செராயில் மளிகைக்கடை வைத்திருக்கும் குணாளனின் அக்கா ரமணியும் கூட வந்திருந்தாள். தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு முந்திக்கொண்டு உள்ளே போனாள்.

"டாக்டர், அவன்கிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிறாதீங்க. பயத்துலயே போயிருவான். புண்ணுன்னு சொல்லுங்க, போதும்."

"உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு தெரியுதுக்கா," என்றார் டாக்டர். "ஆனா நான் அவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவர் கேக்க விரும்பாததைத் திணிக்கவும் மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரையே கேப்போம்."

குணாளன் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் கணினியைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, சோதனை முடிவு வந்திருக்கு. எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லட்டுமா?"

"என் நாக்கு. என்கிட்டயே சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். ரமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணாளன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனாக அடுத்த கேள்வியைக் கேட்கிறவரை டாக்டர் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தாளில் நாக்கை வரைந்து, அறுவை சிகிச்சையில் எடுக்கப்போகிற பகுதியைக் கோடு போட்டுக் காட்டினார். அதன்பிறகு கதிர்வீச்சு. கஷ்டமான வைத்தியம், ஆனால் குணமாக்குவதற்காகவே செய்கிற வைத்தியம் என்றார்.

"வீட்ல கூட இருந்து இவரை யாரு பாத்துப்பாங்கக்கா?" என்று சந்திரிகாவைப் பார்த்துக் கேட்டார்.

சந்திரிகா வாய் திறப்பதற்குள் ரமணி சொன்னாள்: "இவ இருக்காளே."

வெளியே நடைபாதையில் நின்று தொழிற்சாலைக்குப் போன் போட்டாள் சந்திரிகா. விடுதி வேலைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சம்பளமில்லாத லீவும் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் அவளுக்காக ரொம்பவும் வருத்தப்பட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் அவன் முகத்தின் அளவுக்கே பிளாஸ்டிக் வலையில் ஒரு முகமூடி செய்தார்கள். அதைப் போட்டுத் தலையை மேசையோடு பூட்டிவிடுவார்கள். கதிர் பாயும்போது அசையக்கூடாது. முதல் நாள் பூட்டியதுமே குணாளன் கைகால்களை உதறினான். இரண்டாம் தடவையும் அப்படியே. டாக்டர் யோகேஸ்வரி கீழே இறங்கி வந்தார். அவசரமில்லை என்றார். முகமூடியை அவன் கையிலேயே கொடுத்து, உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துப் பழகச் சொன்னார். உள்ளே அவனுக்குக் கேட்பதுபோலப் பாட்டுப் போடலாம், யாராவது பேசவும் செய்யலாம் என்றார். அவன் கையை நீட்டிச் சந்திரிகாவைக் காட்டினான்.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே மைக்கின் முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். என்ன பேசுவது? புருஷனோடு தானாகப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. கோலா கெத்திலிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகிற பஸ் நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எந்த இடத்தில் என்ன கடை, எந்த வளைவில் கோயில், எங்கே மழை பெய்தால் தண்ணீர் கட்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். சுங்கைப் பட்டாணி வந்து சேர்வதற்குள் அன்றைய வைத்தியம் முடிந்துவிட்டது. திரையில் பார்த்தால் அவன் அசையாமல் கிடந்தான்.

டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க அண்ணன் கொடுத்து வச்சிருக்கணும்க்கா."

எல்லாரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது சந்திரிகா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

வார நாட்களில் ஊருக்குப் போய்வர முடியாது என்பதால் நோயாளிகள் தங்கும் இல்லத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. வாயெல்லாம் புண். மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் அவள்தான் பாலை ஊற்ற வேண்டும். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். எச்சிலைத் துடைக்க வேண்டும். வலிக்கு மருந்து கேட்கக் குணாளன் கூச்சப்பட்டான். வலியைப் பொறுத்துக்கொள்வதற்குப் பரிசு எதுவும் இல்லை என்று டாக்டர் அவனிடம் நேராகவே சொல்லி, மருந்தை மாற்றிக்கொடுத்தார். அதன்பிறகு அவனுக்குத் தூக்கம் வந்தது. அவளுக்கு வரவில்லை.

அவன் பேச்சு யாருக்கும் புரியவில்லை. குழறிக் குழறி வரும். நர்ஸ் மிஸ்ஸிமார்களுக்குப் புரியாது, சொந்த அக்காவுக்கே புரியாது. சந்திரிகாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இத்தனை வருஷம் கேட்ட சொற்கள்தானே. நாக்கில் ஒரு பகுதி போனதால் அவை மாறிவிடவில்லை. அவள் கை, அவள் அம்மா, அவள் முகம். அவன் திட்டுவான், பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸி, "அங்கிள் என்ன கேக்குறாரு?" என்பாள். "தலகாணிய ஒசத்தி வைக்கணுமாம்," என்பாள் சந்திரிகா. மிஸ்ஸி அன்பாக உயர்த்தி வைப்பாள்.

சிகிச்சை பாதி தாண்டியிருக்கும்போது ஒரு நாள், அவனைப் பரிசோதித்து முடித்ததும் எடை பார்க்க அனுப்பிவிட்டு, டாக்டர் சந்திரிகாவை மட்டும் இருக்கச் சொன்னார்.

"அண்ணனைப் பத்தி இல்ல. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"அவருக்கு எடை குறைஞ்சது எனக்குத் தெரியும். உங்களுக்கும் குறைஞ்சிருக்கு."

சந்திரிகா கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. எப்படி ஆரம்பித்தாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. "அவர் நாக்கு அழுகிப் போகணும்னு நான்தான் சாபம் விட்டேன் டாக்டர்," என்றாள். அப்புறம் எல்லாம் வந்தது. தீபாவளி, விடுதி வேலை, ஞாயிற்றுக்கிழமை, மிஸ்ஸியிடம் சொல்லும் பொய்கள். "எனக்கு அவர் மேல ஆசை இல்ல. போறதுக்குத்தான் இருந்தேன். இப்ப எல்லாரும் என்னைக் கும்பிடுறாங்க. எனக்கு எங்கயாச்சும் ஓடிறலாம்போல இருக்கு."

டாக்டர் கைக்குட்டைத்தாள் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"முதல்ல ஒண்ணு. இந்த நோய் சாபத்துல வராது. புண்ணு தெரியறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும். சிகரெட், குடி, வெத்தலை பாக்கு, இப்படிக் காரணம் இருக்கு. சில பேருக்குக் காரணமே தெரியாது. உங்க வாய்ல வந்த வார்த்தை அவர் உடம்புக்குள்ள போகலக்கா."

சந்திரிகா அழுதாள்.

"இன்னொண்ணு. அன்னைக்கு மைக் பக்கத்துல நான் சொன்னது தப்பு. ஒண்ணும் கேக்காமலே உங்களைப் பாராட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

ஒரு டாக்டர் மன்னிப்புக் கேட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல," என்றாள்.

"உங்களைப் போகச் சொல்லவோ இருக்கச் சொல்லவோ எனக்கு உரிமை இல்ல. ஆனா ஒரே ஆள் இதைத் தாங்க முடியாது. அதைச் சொல்றது என் வேலை."

அன்றைக்கே சமூகநல அதிகாரியிடம் சொல்லி அவளோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்தார். ரமணியை வரவழைத்து, குழாயில் பால் ஊற்றுவதை மிஸ்ஸியிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். சனி ஞாயிறு இனி தம்பி அக்கா வீட்டில். ரமணி கடையைக் காரணம் காட்டினாள்.

"கூட இருக்கறவங்க விழுந்துட்டா என் நோயாளிக்குத்தான் கஷ்டம். இதுவும் வைத்தியம்தான்க்கா," என்றார் டாக்டர். சந்திரிகா சொன்ன வேறு எதையும் அவர் வெளியே விடவில்லை.

முதல் சனிக்கிழமை சந்திரிகா பகல் முழுக்கத் தூங்கினாள். இரண்டாவது வாரம் தொழிற்சாலைத் தோழி ஒருத்தியோடு பசாருக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில் மறுபடி பாலம் தாண்டிப் பினாங்குக்குப் போகும்போது கழுத்தில் யாரோ கயிற்றை மாட்டி இழுப்பதுபோல இருக்கும்.

சிகிச்சை முடிந்தது. குழாயை எடுத்தார்கள். கஞ்சி இறங்கியது. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, முடிவு கேட்க மூன்று பேரும் போனார்கள்.

"சுத்தமா இருக்குண்ணே. இப்போதைக்கு நோய் எங்கயும் தெரியல," என்றார் டாக்டர். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முதல் சில வருஷம் கவனம் வேண்டும் என்றும் சொன்னார்.

ரமணி சாமியையெல்லாம் கூப்பிட்டு அழுதாள். குணாளனின் கண்ணிலும் தண்ணீர். சந்திரிகா சிரிக்க முயன்றாள். உண்மையில் அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கு அடியிலேயே வேறொன்று விழித்துக்கொண்டது. இது இப்படியேதான், இனி எத்தனை வருஷமானாலும் இப்படியேதான். முகம் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

குணாளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குழறலாக ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றாள் ரமணி மூக்கைச் சிந்திக்கொண்டே. "சொல்லு சந்திரிகா."

தலையணை, தண்ணீர், விசிறி என்று எத்தனையோ பொய்கள் அவள் நாவில் தயாராக இருந்தன. எதையும் எடுக்கத் தோன்றவில்லை.

"'இவ மூஞ்சியப் பாருங்க. நான் சாகலன்னு இவளுக்கு வருத்தம்.' அதான் சொல்றாரு."

ரமணி தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், மறுக்கவில்லை.

"நீங்க பொழைச்சதுல எனக்கு வருத்தம் இல்லங்க," என்றாள் சந்திரிகா. "ஆனா எனக்குப் போகணும். நீங்க நோவுல விழறதுக்கு முன்னாடியே போக இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில வச்சுப் பேசற பேச்சா இது!" என்று ரமணி எழுந்தாள். "பொழைச்சு வந்திருக்கான், இப்பப் போய்..."

"உக்காருங்கக்கா," என்றார் டாக்டர். "இந்த ரூம்ல இதைவிடக் கஷ்டமானதெல்லாம் பேசியிருக்காங்க." பிறகு குணாளன் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க குடும்ப விஷயத்துல நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வைத்தியத்தை மட்டும் சொல்றேன். நீங்க தனியா சாப்பிடலாம், குளிக்கலாம், காடி ஓட்டலாம். வாய்க்குப் பயிற்சியை விடக்கூடாது. பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தர்றேன். உங்க பேச்சை இனி நீங்கதான் மத்தவங்களுக்குப் புரிய வைக்கணும். இவங்க எடுத்துச் சொல்லிக்கிட்டே இருந்தா உங்க பேச்சு தேறாது. செக்கப்புக்கு யார் வேணும்னாலும் கூட வரலாம், தனியாவும் வரலாம். மனசுக்குக் கஷ்டமா இருந்தா அதுக்கும் இங்க ஆள் இருக்காங்க. என்கிட்டயே சொல்லுங்க."

குணாளன் தலையை மட்டும் அசைத்தான்.

காடியில் திரும்பி வரும்போது ரமணி பின் சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பாடாங் செராயில் அவளை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும், குணாளன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இரண்டு பக்கமும் செம்பனைக் காடு. ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு, யாருக்கும் புரியும்படி கேட்டான்.

"எப்... போ... போற?"

"அடுத்த மாசம்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். பிறகு, "கஞ்சி வைக்கக் கத்துக் குடு," என்றான்.

கற்றுக்கொடுத்தாள். அரிசியை எவ்வளவு குழைய விட வேண்டும், மீனை எப்படி முள்ளெடுத்து மசிக்க வேண்டும், எச்சில் ஊறாத வாய்க்கு எவ்வளவு தண்ணீராக இருக்க வேண்டும் என்று காட்டினாள். ஒரு நாள் அடிப்பிடித்ததற்கு அவளைத் திட்டினான். ஒரு நாள் திட்டவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவுமில்லை, இரு என்று சொல்லவுமில்லை.

விடுதி வேலை போய்விட்டது. தொழிற்சாலையில் பழைய இடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். பீடோங்கில் தோழியோடு ஒரு வாடகை வீட்டில் அறை எடுத்திருக்கிறாள். கோலா கெத்தில் தாமானில் அவளைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கோயிலில் எதிர்ப்பட்ட பெண்கள் இருவர் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள். ரமணி அவளோடு பேசுவதே இல்லை. தம்பிக்கு ஏதாவது என்றால் மட்டும் கூப்பிடுவாள். போனில் அவள் பெயரைப் பார்த்தாலே சந்திரிகா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். நோய் திரும்பிவிட்டது என்றால்? அப்போது போகாமல் இருக்க முடியுமா? வேலைக்கு நடுவில், குளிக்கும்போது, இந்தக் கேள்வி வந்து நிற்கும். பதில் தெரியும் என்பதுதான் அதில் பயம்.

அடுத்த பரிசோதனை நாளன்று அவளாகவே பஸ் ஏறிப் பினாங்குக்குப் போனாள். குணாளன் காடியில் தனியாக வந்திருந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த வழியாகப் போன டாக்டர் யோகேஸ்வரி அவளைக் கண்டு நின்றார். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"வரணும்னு கட்டாயம் இல்லையேக்கா?"

"இல்ல டாக்டர். முடிவு தெரியற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. அவருக்காகப் பயப்படறேனா, எனக்காகப் பயப்படறேனான்னே தெரியல."

"ரெண்டுக்கும் சேர்த்து இருக்கலாம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"திரும்பி வந்துச்சுன்னா, நான்தானே பாக்கணும்?"

"வந்தா என்னை வந்து பாருங்க. யார் பாக்கறதுன்னு எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுவோம். இன்னைக்கு அதுக்குப் பதில் வேணாம்."

டாக்டர் உள்ளே போனார். சிறிது நேரத்தில் குணாளனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான். சந்திரிகா பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.